கல் நிற்க ஊர் வேண்டும்

(மதுரை வட்டார வரலாற்று ஆர்வலர்கள் நடத்திய கண்காட்சியின் தொடக்க நாளில் ஆற்றிய உரை)



கண்காட்சி திறந்தாகிவிட்டது. பக்கத்து அறையில் கல்வெட்டுப் படிகள் இருக்கின்றன, பழைய காசுகள் இருக்கின்றன, உங்கள் வீட்டுப் பெட்டிகளிலிருந்து வந்த ஓலைகளும் காகிதங்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி விளக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வட்டாரத்தின் வரலாற்றுக் கழகம் எதற்காக இப்படிப் பொதுநிகழ்ச்சி நடத்த வேண்டும்? ஆய்வு செய்கிறவர்கள் ஆய்வு செய்யட்டும், நூல் எழுதட்டும். ஊரைக் கூட்டிக் கண்காட்சி, மலை நடை, சொற்பொழிவு என்று இவ்வளவு பாடுபடுவது எதற்கு?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் தெரியாத கல் நிற்காது. அரசாணை அதைக் காக்கலாம், காக்காமலும் போகலாம். கம்பி வேலி ஒரு மழைக்காலம் தாங்கும். அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அதன் அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரிந்திருந்தால் மட்டும் அது நிற்கும். ஆகவே நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்த ஊர்க்காரர் அந்தக் கல்லைப் பார்க்கும் பார்வை மாறியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

மேலூர் பக்கம் இருக்கும் மாங்குளத்துக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். மீனாட்சிபுரத்தை ஒட்டி நிற்கும் அந்த மலைக்கு ஓவாமலை என்று பெயர். அங்கே சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளங்களும், பாறையில் வெட்டிய படுக்கைகளும், ஆறு தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. 1882இல் ஆங்கிலேய அதிகாரி இராபர்ட் சீவெல் அவற்றைப் பார்த்துக் குறிப்பெழுதினார். இந்த வகைக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்று கல்வெட்டறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924இல், சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில். மாங்குளத்தில் இருப்பது பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தது 1965இல். சீவெலிலிருந்து மகாதேவன் வரை 83 ஆண்டுகள்.

என்ன எழுதியிருக்கிறது அந்தக் கல்வெட்டுகளில்? கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி, அதாவது தங்கும் இடம், அமைத்துக் கொடுத்த செய்தி. கொடுத்தவர்களில் நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி இருக்கிறான். வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினரும் இருக்கிறார்கள். அந்த வெள்ளறையை இன்றைய வெள்ளரிப்பட்டியோடு பொருத்திப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. இந்தக் கல்வெட்டுகளுக்கு மகாதேவன் கணித்த காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு. சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட அரசனின் பெயர் கல்லில் கிடைத்தது என்று அறிஞர் உலகம் கொண்டாடியது. கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தக் கொண்டாட்டம் ஆங்கில ஆய்விதழ்களில் நடந்தது. மலையடிவாரத்தில் இருந்த வீடுகளுக்குச் செய்தி போய்ச் சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. கல்வெட்டைப் படிப்பது பாதி வேலை. படித்ததைக் கீழே இறங்கிப் போய் அந்த ஊர்க்காரர்களிடம் சொல்வது மறுபாதி. வரலாற்றுக் கழகங்கள் செய்ய வேண்டியது இந்த மறுபாதியை.

அதைச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே சான்று இருக்கிறது. 2010இல் யானைமலையைச் சிற்பக்கலை நகரமாக மாற்றும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. யானைமலை என்பது வெறும் பாறை இல்லை. அதன் அடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சனான மாறன்காரி கி.பி. 770இல் எடுத்த கோவில் அது. பணி நிறைவதற்குள் மாறன்காரி இறந்துவிட, அவனுடைய தம்பி மாறன் எயினன் முன்மண்டபத்தைக் கட்டி முடித்தான். இது கதை இல்லை, அங்கேயே கல்வெட்டாக இருக்கும் செய்தி. சற்றுத் தள்ளி முருகனுக்கான குடைவரையான லாடன் கோவில். மேலே தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துகளும். அவற்றுக்கெல்லாம் மூத்ததாகத் தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஒன்று. மலையடிவாரத்து ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் திட்டத்தை எதிர்த்து எழுந்தார்கள். திட்டம் நடக்கவில்லை.

அந்தச் சூழலில்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனும் நண்பர்களும் ‘பசுமை நடை’யைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு மலைக்கோ பழைய ஊருக்கோ போவது, அங்கேயே பாறையில் உட்கார்ந்து அந்த இடத்தின் வரலாற்றைக் கேட்பது, சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. இவ்வளவுதான் திட்டம். தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் வந்து பேசினார்கள். சமணர்மலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, வரிச்சியூர் என்று மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ‘மதுர வரலாறு’ என்ற நூலும் அதன் வழியே வெளிவந்தது.

இந்த நடையை நான் உயர்த்திப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அரங்கத்தில் பேசும்போது கேட்கிறவர் ஊரை விட்டு வரலாற்றுக்கு வருகிறார். மலையில் பேசும்போது வரலாறு ஊருக்குள் வருகிறது. சமணர்மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியில் தாமரைக்குளத்தைத் தாண்டி நூறு பேர் படியேறுகிறார்கள் என்றால், அந்த ஊர்ப் பிள்ளைகளும் பின்னாலேயே ஏறுவார்கள். ‘எதுக்கு இத்தனை பேர் வந்திருக்காங்க?’ என்று டீக்கடையில் பேச்சு வரும். அந்த மலையின் செட்டிப்புடவுக் குகையில் இருக்கும் பெரிய உருவத்தை வேறு பெயரால் அழைத்துவந்த பாட்டிக்கு, அது தீர்த்தங்கரர் என்று பேரப்பிள்ளை சொல்லிக்கொடுப்பான். பாட்டி தன் வழக்கப்படியே கும்பிடட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. அந்த உருவத்தின் மேல் யாராவது ஆணியால் பெயர் கிறுக்கினால் முதலில் சத்தம் போடுவது அந்தப் பேரப்பிள்ளையாகத்தான் இருக்கும்.

அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கழிஞ்சமலையில் தமிழ்-பிராமிக் கல்வெட்டு, சமணத் துறவி அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் சிற்பம், இன்னொரு பக்கம் இலகுலீசர் சிற்பத்தோடு சிவன் குடைவரை. இவற்றோடு ஏரிகள், சுனைகள், லகர் வல்லூறு முதலான பறவைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாநிலத்திலேயே முதல் தலம் அதுதான். இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர் பக்கத்து மக்கள் மதுரைத் தல்லாகுளம் வரை பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இந்த வெற்றி விவசாயிகளுடையது, அந்த ஊர்ப் பெண்களுடையது. நிலமும் தண்ணீரும் போய்விடும் என்ற பயம்தான் அவர்களைத் தெருவுக்குக் கொண்டு வந்தது. எந்த வரலாற்றுக் கழகமும் இதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனாலும் அந்த மக்கள் பேசிய பேச்சைக் கவனித்தீர்களா? குடைவரை பற்றிப் பேசினார்கள். சமணர் படுக்கை பற்றிப் பேசினார்கள். ஈராயிரம் ஆண்டுக் கல்வெட்டு எங்கள் மலையில் இருக்கிறது என்று மைக்கைப் பிடித்துச் சொன்னார்கள். அது எங்கள் சொத்து என்ற உரிமை அந்தக் குரலில் இருந்தது. ஆண்டுக்கணக்காக அந்த மலையில் ஏறி ஏறிப் பேசியவர்களின் உழைப்பு அங்கே பலன் தந்தது. கீழவளவையும் நினைத்துப் பாருங்கள். அங்கேயும் பஞ்சபாண்டவர் மலையில் தமிழ்-பிராமிக் கல்வெட்டும் படுக்கைகளும் இருக்கின்றன. அதைச் சுற்றிக் கிரானைட் குவாரிகள் குடைந்து தள்ளிய பள்ளங்களை இன்றும் பார்க்கலாம். அந்தக் குவாரிகள் பெருகிய காலத்தில் மலையைப் பற்றிப் பேச ஆள் குறைவாக இருந்தது.

நடை நடத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கூட்டம் வருவதே கல்லுக்கு ஆபத்தாகவும் முடியும். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்கிறார்கள், மாவு பூசுகிறார்கள். வரிகளின் மேல் பெயின்ட் ஓட்டிய இடங்களையும் பார்த்திருக்கிறேன். தவறான எழுத்தின் மேல் பெயின்ட் ஓடிவிட்டால் பின்னால் வருகிற ஆய்வாளர் அதைத்தான் படிப்பார். எழுத்தைத் தொடாமலே படிக்க வழி இருக்கிறது. காலை வெயில் பாறையில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள். குகைக்குள் வெயில் வராவிட்டால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்புங்கள், அல்லது டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத கோடு, சாய்த்து அடித்தால் நிழல் கட்டி எழும்பும். இதை ஒரு பிள்ளைக்கு ஒரு முறை காட்டிவிட்டால் போதும், வாழ்நாள் முழுவதும் மறக்காது.

இனி கண்காட்சிக்கு வருகிறேன். பொதுவாக நம் ஊர்களில் கண்காட்சி என்றால் மேசை மேல் வெள்ளைத்துணி, அதன் மேல் பொருள்கள், ‘தொடாதே’ என்று ஓர் அட்டை. வந்தவர்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய் மறுவாசலில் இறங்கிவிடுகிறார்கள். பார்த்ததில் பாதி மறந்துவிடும். கை வேலை செய்தால்தான் மனத்தில் நிற்கும். அதனால்தான் இந்தக் கண்காட்சியில் மைப்படி எடுக்கும் மேசை வைத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

மைப்படி எடுப்பதைப் பார்த்திராதவர்கள் இன்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். முதலில் கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து மண்ணும் பாசியும் போகக் கழுவுகிறார்கள். பிறகு தடித்த வெள்ளைத் தாளை நனைத்துக் கல்லின் மேல் பரப்புகிறார்கள். தாளுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றுக் குமிழ் நின்றுவிடக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி அதை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகு பிரஷ்ஷால் சீராகத் தட்டுகிறார்கள். இந்தத் தட்டில்தான் கைப்பக்குவம். மெதுவாகத் தட்டினால் தாள் எழுத்தின் குழிக்குள் இறங்காது. ஓங்கித் தட்டினால் கிழிந்துவிடும். தாள் குழியில் இறங்கி, ஈரம் சற்று உலர்ந்த பதத்தில், பஞ்சு வைத்துத் துணியால் கட்டிய பொட்டலத்தில் மை தொட்டு மேலாக ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமாக இருந்தால் மை ஊறிப் பரவிவிடும். முழுவதும் காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டுக் கிளம்பிவிடும். ஒற்ற ஒற்ற மேட்டுப் பகுதி கறுத்துக்கொண்டே வரும், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். மை பூசுவது தாளின் வெளிப்பக்கத்தில் என்பதால் எழுத்து இடவலம் மாறாமல் அப்படியே வரும். அந்தத் தாளை உரித்து எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது, வெறும் கீறல் என்று நினைத்த இடத்தில் ஒரு ‘ழ’கரம் நிற்கிறது. அப்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் நினைத்தவர் நினைத்தபடி படி எடுக்க முடியாது, துறையின் அனுமதி வேண்டும். அதனால் இங்கே சிற்பியிடம் சொல்லிப் பலகைக்கல்லில் நான்கு வரி வெட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை. வட்டெழுத்தில் பழைய வாசகம் ஒன்றும், இன்றைய எழுத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்களும் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு செய்தியை மட்டும் அந்த மேசையில் நிற்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். திருப்பணியில் சுவரை இடித்துக் கட்டியபோதும், மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தபோதும் எத்தனையோ கல்வெட்டுகள் போய்விட்டன. கல் போய்ப் படி மட்டும் மிஞ்சிய ஊர்கள் உண்டு. அந்த ஊர்களின் வரலாறு இப்போது அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

கண்காட்சியின் மறுபாதி உங்கள் வீடுகளிலிருந்து வந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். வரலாறு என்றால் அரசனும் கோவிலும் என்று பழகிவிட்டோம். நம் பக்கத்து மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ வந்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், செய்த பணம் என்று ஒரு வரி விடாமல் எழுதியிருக்கும். ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறை மொய் நோட்டுகள் கிடைத்தால், அந்தக் குடும்பம் எந்தெந்த ஊரோடு கொள்வினை கொடுப்பினை வைத்திருந்தது என்று வரைபடமே போடலாம். யார் ரங்கூனுக்குப் போனார், யார் பினாங்கிலிருந்து பணம் அனுப்பினார், எந்தப் பஞ்சத்தில் மொய் குறைந்தது, பெண்களின் பெயரில் மொய் எழுதும் வழக்கம் எப்போது வந்தது என்று எத்தனையோ கேள்விகளுக்கு அதில் விடை கிடைக்கும். எந்த அரசு ஆவணக் காப்பகத்திலும் இது இல்லை. பரணில்தான் இருக்கிறது. வீடு இடித்துக் கட்டும்போது பழைய பேப்பரோடு போய்விடுகிறது.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895இல் திறந்துவிடப்பட்ட பிறகு மேலூர்ப் பக்கத்துப் புன்செய் நிலங்கள் நன்செய் ஆயின. அந்த மாற்றத்தைப் பொறியாளர் பென்னிகுக்கின் பக்கத்திலிருந்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நிலம் வைத்திருந்தவரின் பக்கத்திலிருந்து எழுத வேண்டுமானால் உங்கள் வீட்டுப் பத்திரங்களும், வாய்க்கால் முறைக்கான ஒப்பந்தக் காகிதங்களும் வேண்டும். யாருடைய நிலத்துக்குத் தண்ணீர் வந்தது, யாருடைய நிலம் கடைமடையில் காய்ந்தது, நிலமே இல்லாதவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்பதெல்லாம் அவற்றில்தான் தெரியும்.

பொருளைக் கொண்டு வரப் பலர் பயப்படுகிறார்கள். அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளுமோ, கழகக்காரர்கள் திருப்பித் தருவார்களோ என்று. நியாயமான பயம்தான். பூமிக்குள் கிடைக்கும் புதையலுக்கு 1878ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தொன்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பழஞ்சிலைகள் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும். அப்படி ஒரு பொருள் கண்காட்சிக்கு வந்தால் உரியவர்களிடம் தெரிவிக்கும்படி கழகம் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், மறைக்கத் துணை போகக் கூடாது. ஆனால் உங்கள் தாத்தாவின் மொய் நோட்டும், பாட்டிக்கு வந்த கடிதமும், வீட்டுப் புகைப்படமும் உங்களுடையவை. கழகம் அவற்றைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, ரசீது கொடுத்து, சொன்ன நாளில் திருப்பித் தர வேண்டும். ஒரு வீட்டில் ஒரு முறை நம்பிக்கை போனால் அந்தத் தெருவே கதவைச் சாத்திவிடும்.

நடுகல்லைப் பொறுத்தவரை என் கருத்து இன்னும் கண்டிப்பானது. அதைப் பெயர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டு வரவே கூடாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. கூடலூரில் ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த ஒருவனுக்கு எடுத்த கல் அவற்றுள் ஒன்று. இப்படிப்பட்ட கல்லை அறிஞர்கள் இடம், திசை, மண் எல்லாவற்றையும் பதிவு செய்து ஆராய்கிறார்கள். நாம் ஆர்வத்தில் பெயர்த்தால் அந்தத் தகவல் அத்தனையும் அழியும். இன்னொன்றும் உண்டு. பல ஊர்களில் நடுகல்லுக்கு இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். அது அந்த மக்களின் சாமி. படம் எடுங்கள், அளவு எடுங்கள், பூசை செய்கிறவரை அழைத்து வந்து பேச வையுங்கள். கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

இங்கே வைத்திருக்கும் பொருள்களின் அருகில் உள்ள அட்டைகளைப் பார்த்தேன். சிலவற்றில் ‘பழங்காலப் பாத்திரம்’ என்று மட்டும் இருக்கிறது. இது போதாது. என்ன பொருள், எந்த ஊர், யார் வீட்டில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது, இதைச் சொன்னவர் யார் என்று அட்டையில் எழுத வேண்டும். ஆவணம் உள்ள செய்தியை ஆவணம் என்றும், வாய்வழி கேட்டதை வாய்மொழி என்றும் பிரித்து எழுத வேண்டும். ஊர் தெரியாத பொருளிலிருந்து வரலாற்றுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அதன் ஊர் தெரிந்த கடைசி ஆள் இன்று நம்மோடு இருக்கிறார், நாளைக்கு இருப்பாரா என்று சொல்ல முடியாது.

வாய்மொழியையும் ஆவணத்தையும் பிரிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வட்டார வரலாறு பேசும் மேடை இன்று சாதிப் பெருமை பேசும் மேடையாக எளிதில் மாறிவிடுகிறது. கல்வெட்டில் ஒரு சொல் கிடைத்தால் போதும், ‘ஆண்ட பரம்பரை நாங்கள்’ என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். வரலாற்றுக் கழகம் இதற்கு இடம் தரவே கூடாது. இந்த மலைகளுக்குக் கொடை கொடுத்தவர்களில் அரசனின் ஆளும் இருக்கிறான், வணிகரும் இருக்கிறார்கள். கொடையைப் பெற்ற துறவிகளுக்கு எந்த ஊரும் சொந்த ஊர் இல்லை. அந்தக் கல்லை யாரும் தனிச்சொத்தாக்க முடியாது.

அதே போல வலிக்கும் வரலாற்றையும் கண்காட்சி ஒதுக்கக் கூடாது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிய மறுத்து எழுந்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிரிழந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. பிறந்த சாதியைச் சொல்லி ஒரு மனிதனை ராத்திரியில் காவல் நிலையத்தில் படுக்க வைத்த சட்டம் அது. 1939 ஜூலை 8ஆம் தேதி, வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டவர்கள் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தார்கள். அதுவரை ஒடுக்கப்பட்ட சாதியினர் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதும் இதே ஊரின் வரலாறு. கோபுரத்தின் உயரத்தை அட்டையில் எழுதுகிற நாம், அந்த வாசலில் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். தாத்தாவின் கைரேகை பதிந்த காகிதத்தை ஒரு குடும்பம் கொண்டு வந்து கொடுக்குமானால், கண்காட்சியில் அதற்குத்தான் நடு மேசை.

வெளியூர்ச் சான்று ஒன்றும் சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் பெற்றதாகச் சொல்லப்படும் 1639 ஆகஸ்ட் 22ஆம் நாளைச் சென்னையின் பிறந்தநாளாகக் கொண்டு, 2004இல் பத்திரிகையாளர்களான எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டி’சோசா மூவரும் ‘மெட்ராஸ் தினம்’ கொண்டாடத் தொடங்கினார்கள். அந்தத் தேதியைப் பற்றியும், நகரம் அதற்கு முன்பே இல்லையா என்பது பற்றியும் வாதங்கள் உண்டு, இருக்கவும் வேண்டும். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பல நூறு ஆண்டு மூத்தவை. நான் அதில் எடுத்துக்கொள்வது நடத்திய முறையை. ஒரு மேடை, ஒரு தலைமை என்று வைத்துக்கொள்ளாமல், யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவில், பள்ளியில், ஓட்டலில் நிகழ்ச்சி நடத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். ஒரு நாள் ஒரு வாரமானது. பிறகு அதையும் தாண்டி வளர்ந்தது. ஒருவர் தன் வீட்டுப் புகைப்படங்களைக் காட்டினார், இன்னொருவர் தன் தெருவைச் சுற்றிக் காட்டினார். மதுரைக்கும் மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் இது பொருந்தும். எல்லாவற்றையும் ஒரே மண்டபத்துக்குக் கொண்டு வர வேண்டியதில்லை. கீழவளவில் ஒன்று, கொங்கர்புளியங்குளத்தில் ஒன்று என்று ஊருக்கு ஊர் நடக்கட்டும், அந்த ஊர்க்காரரே தலைமை வகிக்கட்டும்.

ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 1970களில் மாணவர்கள் வழியே தெரியவந்த பழம்பொருள்களைக் கீழடிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அலட்சியப்படுத்தாமல் சேகரித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். அகழாய்வு தொடங்கியது 2015இல். இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். 2019இல் அந்தக் குழிகளைப் பார்க்கத் தமிழ்நாடெங்கும் இருந்து மக்கள் திரண்டார்கள், 2023இல் அங்கே அருங்காட்சியகமே திறந்தாகிவிட்டது. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து, பிள்ளைகளுக்குப் பழைய எழுத்தைப் படிக்கவும் காசுகளை அடையாளம் காணவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பள்ளியில் முடிந்தது எல்லாப் பள்ளியிலும் முடியும். பிள்ளை ஒரு பானையோட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தால், ‘குப்பையை ஏன் கொண்டு வந்தாய்’ என்று கேட்டுவிடாதீர்கள். எங்கே எடுத்தாய் என்று கேளுங்கள், அந்த இடத்தை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கழகத்தாருக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இரண்டுதான். கண்காட்சி முடிந்து பொருள்கள் வீடு திரும்புவதற்கு முன், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் எழுதிப் படத்தோடு கையேடாக அச்சிடுங்கள். ஒரு படி பொருள் கொடுத்தவர் வீட்டுக்கும், ஒரு படி அந்த ஊர்ப் பள்ளிக்கும், ஒரு படி கிளை நூலகத்துக்கும் போகட்டும். மேடையும் மாலையும் குறைந்தால் அதற்கான பணம் கிடைத்துவிடும். அடுத்த ஆண்டு நிகழ்ச்சியை இந்த மண்டபத்தில் வைக்காமல் மாங்குளத்தில் வையுங்கள். நெடுஞ்செழியன் பெயர் இருக்கும் அந்தப் பாறையடியில், அந்த ஊர்க்காரர் ஒருவர் எழுந்து அந்தக் கல்வெட்டைப் படித்துக் காட்டட்டும். அதற்கு அவரைத் தயார் செய்ய உங்களுக்கு ஓராண்டு இருக்கிறது.

வந்திருக்கும் மக்களுக்கு ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறிப் பாருங்கள். மொய் நோட்டோ, பழைய பத்திரமோ, பர்மாவிலிருந்து வந்த கடிதமோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கண்காட்சி இன்னும் நடக்கிறது. வெளிவாசல் மேசையில் பதிவேடு வைத்திருக்கிறார்கள், கொண்டு வந்து காட்டுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.